காதடைப்பு, கன்ன மரப்பு, இரட்டைப் பார்வை: மூன்றும் ஒரே பக்கம் வந்தால்

எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே, நம் கண்ணுக்கோ கைக்கோ எட்டாத இடத்தில் ஒரு புற்றுநோய் வரும். ரிப்போர்ட்டில் நேசோபாரிங்ஸ் கேன்சர் என்று போடுகிறார்கள். எனக்கு வந்தது அதுதான். கண்டுபிடிப்பதற்குள் அது மண்டையோட்டின் அடி எலும்பில் புகுந்து, மூளைக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்புகளைப் பிடித்துவிட்டது. இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்தில் கட்டி வரும், மூக்கில் ரத்தம் வரும், அதை வைத்துப் பிடித்துவிடுவார்களாம். எனக்குக் கட்டியும் இல்லை, ரத்தமும் இல்லை. அதனால்தான் ஏழெட்டு மாதம் காது டாக்டர், பல் டாக்டர், கண் டாக்டர், நரம்பு டாக்டர் என்று அலைந்தேன். வீட்டுக்காரர் லாரி டிரைவர், பாதி மாதம் வடக்கே லோடு. பெண் பிளஸ் டூ. பெரும்பாலும் தனியாகத்தான் போய் வந்தேன். அப்போது இதையெல்லாம் யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் இடது காது அடைத்தது. ஒரு சளி பிடித்து விட்டது, சளி போய்விட்டது, அடைப்பு போகவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவில் வேலை என்பதால் காது மந்தம் எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் அது இரண்டு காதிலும் வரும். இது இடது பக்கம் மட்டும். நான் பேசுகிற பேச்சே காதுக்குள் முழங்கியது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்து, காதுத் திரைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, சளியால்தான் என்று மாத்திரையும் மூக்குக்கு ஸ்ப்ரேயும் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் போட்டும் குணமாகவில்லை என்று போனால், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குக் காதில் நீர் கோப்பது சகஜம். பெரியவர்களுக்கு, அதுவும் ஒரு காதில் மட்டும் நீர் கோத்து வாரக்கணக்கில் வற்றாமல் நின்றால், மூக்கின் பின்பக்கத்தைக் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதன் வாயை ஏதாவது அடைத்தால் காதில் நீர் தங்கும். அடைப்பது சளியா கட்டியா என்பது வெளியிலிருந்து தெரியாது. எண்டோஸ்கோபி என்று பெயர் கேட்டதும் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஸ்ப்ரே அடித்து, பென்சிலை விட மெல்லிய குழாயை மூக்கு வழியாக விடுவார்கள். ஐந்து நிமிட வேலை. வெளி ஆஸ்பத்திரியில் எனக்கு 1,500 ரூபாய் ஆனது. "டாக்டர், மூக்குக்குப் பின்னாடி கேமரா விட்டுப் பார்த்துடலாமுங்களா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து தலைவலி. இடது கண்ணுக்குப் பின்னால் ஆழத்தில் ஒரு வலி, ராத்திரியில் கூடும். பீனிசம் என்றார் ஒருவர், ஒற்றைத் தலைவலி என்றார் இன்னொருவர். அதோடு இடது மேல் கடைவாய்ப் பல்லில் மந்தமான வலி. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் ரூட் கெனால் செய்து பார்க்கலாம் என்று சொல்லி 7,000 ரூபாய் வாங்கினார். வலி அப்படியே இருந்தது. கொஞ்ச நாளில் வலி இருந்த இடம் மரத்துப்போனது. டீ குடிக்கும்போது டம்ளர் விளிம்பு வலது உதட்டில் மட்டும்தான் படுவது தெரியும். இடது ஓரத்தில் டீ வழிந்து சேலையில் சொட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். குளிக்கும்போது மஞ்சள் பூசினால் இடது கன்னத்தில் கை படுவது கைக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. பல் டாக்டரிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். ரூட் கெனாலுக்குப் போட்ட ஊசியின் மரப்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். பல்லுக்குப் போடும் ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். வாரக்கணக்கில் கன்னம் மரத்திருந்தால் முகத்து நரம்பை எங்கோ ஏதோ அழுத்துகிறது என்றுதான் அர்த்தம். இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

அப்புறம் கண். ஒரு நாள் லைனில் நின்று பார்த்தால், கடைசியில் செக்கிங் டேபிளில் நிற்கிற பெண் இரண்டு பேராகத் தெரிகிறாள். கிட்டத்தில் ஓவர்லாக் ஊசியைப் பார்த்தால் ஒன்றுதான். தூரத்தில் பார்த்தால் இரண்டு, இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் இரண்டும் இன்னும் விலகிப் போகும். ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும். ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது எதிரே வந்த டவுன் பஸ் இரண்டாகத் தெரிந்ததும் ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் நடுங்கியது. அன்றைக்கு வண்டி ஓட்டுவதை விட்டதுதான். யாருக்காவது திடீரென்று இரட்டைப் பார்வை வந்தால் அந்த நிமிடமே வண்டி ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறாவது நரம்பு வேலை செய்யவில்லை என்றார். ரத்தம் எடுத்ததில் சுகர் ஓரளவு கூட இருந்தது. "சுகரால வந்திருக்கும்மா, மூணு மாசத்துல தானாச் சரியாயிரும்" என்று பி12 மாத்திரை எழுதினார். அப்படி வருவது உண்மைதான், நிறையப் பேருக்குச் சரியாகவும் செய்கிறது. ஆனால் எனக்குக் காதடைப்பு இருக்கிறது, கன்னம் மரத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. கண்ணுக்கு வந்த இடத்தில் காதைப் பற்றி என்ன பேசுவது என்று நானும் நினைத்தேன், யாரும் அப்படித்தானே நினைப்போம். சுகரால் வருகிற கண் நரம்புக் கோளாறு பெரும்பாலும் தனியாகத்தான் வரும். கூடவே முகம் மரப்பதோ, காது அடைப்பதோ, நாளுக்கு நாள் தலைவலி கூடுவதோ இருந்தால் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கிற கணக்கு அங்கே பொருந்தாது.

நடுவில் தலைவலி தாங்காமல் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். மூளைக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார், 3,000 ரூபாய். ரிப்போர்ட் நார்மல். வீட்டில் எல்லாரும் சாமிக்கு விளக்குப் போட்டார்கள். ஆனால் அந்த ஸ்கேன், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றாமல் எடுத்த மூளை ஸ்கேன். அதில் மூளை நன்றாகத் தெரியும், மண்டையோட்டின் அடிப்பகுதியும் மூக்கின் பின்பக்கமும் சரியாகப் பதியாது. தலைக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம். எந்த இடத்துக்கு எடுத்தார்கள், மருந்து ஏற்றி எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். முகத்து நரம்பு, கண் நரம்பு சம்பந்தப்பட்ட தொந்தரவு என்றால் மண்டையோட்டு அடிப்பகுதிக்கும் மூக்குத் தொண்டைக்கும் சேர்த்து, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுப்பதுதான் பயன். மருந்து ஏற்றுவதற்கு முன் கிட்னிக்கான கிரியேட்டினின் டெஸ்ட் பார்ப்பார்கள், அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

சிடி நார்மல் என்றதும், நரம்பு வீக்கமாக இருக்கும் என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் தலைவலி பாதி குறைந்தது, இரட்டைப் பார்வையும் கொஞ்சம் குறைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பிழைத்தோம் என்று. மாத்திரையைக் குறைத்ததும் எல்லாம் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. சுகர் வேறு ஏறிவிட்டது. கட்டியைச் சுற்றி இருக்கும் வீக்கத்தை ஸ்டீராய்டு வற்ற வைக்கும், அதனால் நோய் குறைந்தது போலக் காட்டும். ஸ்டீராய்டில் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பியது என்றால் அதை அப்படியே அடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், அது அவருக்கு முக்கியமான தகவல்.

கடைசியில் கோயம்புத்தூரில், கண் நரம்பு தனியாகப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பஞ்சைத் திரித்து என் வலது கன்னத்தில் தொட்டார், இடது கன்னத்தில் தொட்டார். நெற்றி, தாடை, கண்ணின் கருவிழி ஓரம் எல்லாம் தொட்டுப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், 'ஆ' சொல்லச் சொன்னார். அப்புறம், "காது எதாச்சும் அடைக்குதாம்மா?" என்றார். "இடது காது ஆறு மாசமா அடைச்சுக் கிடக்குதுங்க" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கே எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தார். 9,500 ரூபாய். ரிப்போர்ட்டில் மூக்கின் பின்பக்கம் இடது மூலையில் கட்டி, மண்டையோட்டின் அடி எலும்பை அரித்து, கண் நரம்புகள் கூட்டமாகப் போகிற இடம் வரை ஏறியிருக்கிறது என்று இருந்தது. மண்டையோட்டின் அடியில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் போய்வர ஓட்டைகள் இருக்கின்றனவாம். எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீர் வரப்பில் நண்டு வளை கிடைத்தால் அடுத்த வயலில் இறங்கிவிடும் இல்லையா, அந்த மாதிரி கட்டி அந்த ஓட்டைகள் வழியாக மேலே ஏறிவிடும் என்று டாக்டர் விளக்கினார். எந்த ஓட்டை வழியாகப் போகிறதோ அந்த நரம்பின் வேலைதான் கெடும். அதனால்தான் ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி வருகிறது.

பின்னால் ரேடியேஷனுக்குக் காத்திருந்த இடத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். ஒருவருக்குக் குரல் கம்மி, தண்ணீர் குடித்தால் புரையேறி, நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. அவரைப் பக்கவாதம் என்று சொல்லி ரொம்ப நாள் பண்டிதம் பார்த்திருக்கிறார்கள். ஒரு கல்லூரிப் பையனுக்கு வாய் திறக்கவில்லை, ஞானப்பல் முளைக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு பக்கக் காது மந்தம், அதே பக்க முகவலி, அண்ணம் தூக்காமல் போவது, இந்த மூன்றும் சேர்ந்து வருவதை 1911-லேயே டிராட்டர் என்ற இங்கிலாந்து சர்ஜன் எழுதி வைத்துவிட்டாராம். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் எங்களைப் போன்றவர்கள் பல் டாக்டரிடம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நினைத்தால் ஆறவில்லை.

சதை எடுத்து டெஸ்ட் செய்கிற பயாப்ஸியிலும் ஒரு சிக்கல் வந்தது. எண்டோஸ்கோபியில் மேல் தோல் வழவழப்பாகத்தான் இருந்தது, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேடு. முதலில் எடுத்த சதையில் வெறும் புண் வீக்கம் என்று வந்தது. சுகர் இருப்பதால் பூஞ்சையாக இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம் என்று பேச்சு வந்தது. இரண்டுமே மண்டையோட்டு அடியைப் பிடிக்கக் கூடியவைதானாம். ஒறம்பரை எல்லாம் "கேன்சர் இல்லீன்னு வந்துருச்சே, விடு அம்மிணி" என்றார்கள். காது மூக்கு டாக்டர் விடவில்லை. கட்டி தோலுக்கு அடியில் வளர்ந்திருந்தால் மேலாக எடுத்த சதையில் சிக்காது என்று சொல்லி, மயக்கம் கொடுத்து ஆழமாக எடுத்தார். அதில் கேன்சர் என்று வந்தது. ஸ்கேன் ஒன்று சொல்லி பயாப்ஸி வேறு சொன்னால், இன்னொரு தடவை ஆழமாக எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் நாலு ஏ ஸ்டேஜ் என்று இருந்ததைப் பார்த்ததும் கால் துவண்டுவிட்டது. நாலு என்றால் முடிந்தது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். அன்று ராத்திரி பெண் தூங்கிய பிறகு, அவள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த நகைச் சீட்டுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேன்சர் டாக்டர்தான் தெளிவாகச் சொன்னார்: கட்டி நரம்பைத் தொட்டுவிட்டதால் நாலு ஏ, உடம்பு முழுக்க எடுக்கிற பெட் ஸ்கேனில் நுரையீரல், ஈரல், எலும்பு எதிலும் பரவவில்லை, அதனால் குணப்படுத்துகிற நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்கிறோம். இந்த நோய்க்கு முதல் வைத்தியம் ஆபரேஷன் இல்லை. இடம் அப்படி. ஆனால் ரேடியேஷனுக்கும் கீமோவுக்கும் நன்றாகக் கட்டுப்படுகிற வகை.

முதலில் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு மருந்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. அப்புறம் ஐஎம்ஆர்டி என்கிற முறையில் ரேடியேஷன், மொத்தக் கதிர் அளவு 70 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், கூடவே சிஸ்பிளாட்டின். ரேடியேஷன் தொடங்கும் முன் பல் டாக்டரைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சொத்தைப் பல்லை எல்லாம் அப்போதே எடுத்து, ஈறு ஆற விட வேண்டும். ரேடியேஷன் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு, ஆயுசுக்கும் அந்தக் கவனம் வேண்டும். சிஸ்பிளாட்டின் காது நரம்பையும் கிட்னியையும் பாதிக்கலாம் என்பதால் தொடங்கும் முன் காது டெஸ்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரேடியேஷன் நேரத்தில் தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலை மாதிரி ஒரு மாஸ்க் செய்து பலகையோடு மாட்டுவார்கள். எனக்கு முதல் நாள் மூச்சு முட்டியது. சொன்னதும் மாஸ்க்கில் கண் வருகிற இடத்தை வெட்டிவிட்டார்கள். சொன்னால்தான் செய்வார்கள்.

மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துவிட்டது. அரிசிம்பருப்புச் சோறு என்றால் எனக்கு உயிர். பெண் நெய் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்தாள், வாயில் மணல் போட்டாற்போல ருசியே இல்லை, விழுங்கினால் எரிச்சல். எடை இறங்க இறங்க டாக்டர் மூக்கு வழியாக டியூப் போட்டார். டியூப் போட்டால் கடைசிக் கட்டம் என்று பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். அப்படியில்லை, நடுவில் ரேடியேஷன் நிற்காமல் இருக்கத்தான் டியூப். இடையில் நாள் விட்டுப்போவதுதான் இந்த வைத்தியத்துக்கு ஆகாதது. சோடா உப்பும் கல்லுப்பும் வெந்நீரில் கரைத்து நாளெல்லாம் கொப்பளித்தேன், காரம் சேர்க்காத பருப்புத் தண்ணீர், முட்டை, பால் எல்லாம் அடித்து டியூபில் ஊற்றினேன். வாய் இறுகிப்போகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைத்துத் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும், முடிந்த பிறகும் விடக் கூடாது. இரட்டைப் பார்வைக்கு, கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டேன். பத்து ரூபாய் டேப், படி ஏறி இறங்க அதுதான் துணை.

பணக் கணக்கையும் சொல்கிறேன். நோய் தெரிவதற்கு முன்பே டாக்டர் பீஸ், மாத்திரை, ஸ்கேன், பல் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. ரேடியேஷனுக்கு வெளியில் மூன்றரை லட்சம் சொன்னார்கள். எனக்குக் கை கொடுத்தது இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு. பயாப்ஸி ரிப்போர்ட்டோடு போய், அவர்கள் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தேன், கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் பணம் கட்டவில்லை. ஆனால் அதற்கு முன் வெளியில் செலவழித்தது வரவில்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு முதல் 91 நாள் சம்பளத்தில் 70 சதவீதம் வரும், கேன்சர் மாதிரி நோய்களுக்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்து சந்தா கட்டியிருந்தால் அப்புறமும் 80 சதவீதம் நீட்டித்துத் தருவார்கள். இடைவெளி விடாமல் சர்டிபிகேட் வாங்க வேண்டும். கம்பெனி உங்கள் பெயரில் சந்தா கட்டுகிறதா என்று இப்போதே பாருங்கள். கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்கு ஓட்டுகிறவர்கள் பலருக்கு இஎஸ்ஐ கட்டியிருக்க மாட்டார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள், ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. நோய் வந்த பிறகு விஏஓவிடம் வருமானச் சான்றுக்கு அலைகிற தெம்பு யாருக்கும் இருக்காது. சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அங்கே ரயில் சலுகைப் படிவம் கேளுங்கள், நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் உண்டு.

எங்கள் வீட்டில் எனக்கென்று தட்டு டம்ளரைத் தனியாக வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. மனசு ரொம்ப வலித்தது. இது தொற்று நோய் இல்லை. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸுக்கு இதில் பங்கு இருக்கிறது, ஆனால் அந்த வைரஸ் அநேகமாக எல்லாப் பெரியவர்கள் உடம்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகிறது. தென் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இது அதிகம், நம் நாட்டில் நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் அதிகம். நம் ஊரில் அபூர்வம் என்பதால் டாக்டர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஆனால் திருப்பூர் கம்பெனிகளில் இன்றைக்கு எத்தனை வடகிழக்குப் பிள்ளைகள் நம்மோடு லைனில் நிற்கிறார்கள்! பாஷை தெரியாத ஊரில் காது அடைக்கிறது, கழுத்தில் முடிச்சு இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்கள்? சூப்பர்வைசராக, எச்ஆராக இருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இப்போது வைத்தியம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்கேனில் கட்டி இல்லை. கண் முக்கால்வாசி திரும்பிவிட்டது, கன்னத்தில் பாதி மரப்பு அப்படியே இருக்கிறது, காது கொஞ்சம் மந்தம்தான். வாய் வறட்சிக்குத் தண்ணீர் பாட்டில் இல்லாமல் எங்கேயும் போவதில்லை. தைராய்டு பிறகு குறையலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். போன மாதம் என் லைனில் வேலை செய்யும் மணிப்பூர் பெண் ஒருத்தி வலது காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மாதமாக அடைப்பாம். அரை நாள் லீவு போட்டுக் கூட்டிப்போய் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னேன். சளி அடைப்புதான், வேறொன்றும் இல்லை என்றார்கள். பத்து நாளில் சரியாகிவிட்டது.